உருளிக்குள் ஒரு பிடி அரிசி

மராத்தி நகரம் ஒன்றின் ஒரு கோடியான போசரியிலிருந்து மறு கோடியான ஹடப்சருக்கு வீடு மாற்றிய அன்று எங்கள் வெண்கல, பித்தளைப் பாத்திரங்களை இரண்டு முறை எண்ணினேன். டெம்போவில் ஏற்றும்போது ஐம்பத்தெட்டு. இறக்கிய பிறகும் ஐம்பத்தெட்டு. டெம்போக்காரர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "காகா, பானை வழியில இறங்கியா ஓடிடும்?" என்று, பெரியவர்களை அழைக்கும் மராத்திச் சொல்லைப் போட்டு, இந்தியில் கேட்டார். எனக்கு அந்தப் பயம் இருந்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

புது வீட்டில் பரண் சின்னது. ஐம்பத்தேழு பாத்திரங்கள் அதில் எப்படியோ அடங்கின. ஐம்பத்தெட்டாவது, அரிசி போட்டு வைக்கும் வெண்கலப் பானை, சமையலறை மூலையில் தரையிலேயே நின்றது. பரண் பலகை அத்தனை எடையைத் தாங்குமா என்று எனக்குத் தினமும் கவலை. "நம்ம படுக்கைக்கு மேலயா இருக்கு? அடுக்களைக்கு மேலதானே" என்பாள் மனைவி. அடுக்களையில் நாள் முழுக்க நிற்பது அவள்தான் என்பதை அவள் கணக்கில் சேர்த்துக்கொண்டதே இல்லை.

எல்லாம் திருநெல்வேலியிலிருந்து அவளோடு ரயிலில் வந்தவை. வாய் அகன்ற உருளி, சருவம், கும்பா, தூக்குப்போணி, தம்ளர்கள், ஒரு ஈயச்சொம்பு. தொண்ணூறுகளில் போசரியில் அவற்றில் பாதியாவது புழக்கத்தில் இருந்தது. பக்கத்து வீட்டு மராத்திக்காரப் பெண்மணி பூரண்போளி வைத்துக் கொடுத்த கிண்ணம் எங்கள் வீட்டிலிருந்து ஒருநாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை. ஒன்றும் இல்லாத நாளில் ஒரு கரண்டி சீனியாவது அதில் இருக்கும். அந்த ஊரில் மனைவி முதலில் கற்றுக்கொண்டது பேரம்தான். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் மாற்றிக் கொடுக்கும் பெண் ஒருத்தி கூடையோடு வாசலில் வந்து உட்காருவாள். என்னுடைய மூன்று கால்சட்டைகளை வைத்துக்கொண்டு இருவரும் அரை நாள் பேசுவார்கள்.

"தீன் பேன்ட் கா ஏக் டப்பா? டப்பா மே சோனா ஹை க்யா?" மூன்று கால்சட்டைக்கு ஒரு டப்பாவா, டப்பாவுக்குள் தங்கம் இருக்கிறதா என்று இவள் கேட்பாள்.

"பேன்ட்டுல முட்டி கிழிஞ்சிருக்கே தாயி. உன் வீட்டுக்காரர் முட்டி போட்டா ஆபீசுக்குப் போறார்?" என்பாள் அவள் மராத்தியில்.

கடைசியில் இருவருமே தோற்றதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு முடிப்பார்கள். டீ குடித்துவிட்டுத்தான் அந்தப் பெண் கூடையைத் தூக்குவாள். மனைவியின் இந்தி அங்கே பிறந்தது. பாதி மராத்தி, கால்வாசி திருநெல்வேலி, மீதி இந்தி. பிற்பாடு அதுதான் எனக்குக் கைகொடுக்க வந்தது. கொடுத்ததா, கெடுத்ததா என்பதை இதை வாசிப்பவர்கள் சொல்ல வேண்டும்.

நான் வேலை பார்த்தது ஒரு இன்ஜினியரிங் தொழிற்சாலையில். வெளியிலிருந்து செய்து கொண்டுவரும் உதிரிபாகங்களைச் சோதித்து உள்ளே விடுவதும் திருப்பி அனுப்புவதும் என் பொறுப்பு. சலானில் எழுதியிருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். நூறு என்று எழுதி தொண்ணூற்றொன்பது இருந்தால் குறை. நூற்றொன்று இருந்தாலும் குறைதான். எழுதாத சாமான் உள்ளே வரக்கூடாது. பொருந்தாத பெட்டிக்குச் சிவப்பு அட்டை கட்டுவேன். சப்ளையர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னை "நாஹி சாஹேப்" என்பார்கள். 'இல்லை' ஐயா. அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்று ஹடப்சர் வந்தபோது மகன் பக்கத்து மகர்பட்டாவில் ஒரு கம்பியூட்டர் கம்பெனியில் இருந்தான். எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் அங்கே எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிகள் தெரியும். மாதத்துக்கு ஒரு மாடி கூடும். ஒரு வருஷத்துக்குள் கம்பெனி அவனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டது. அவன் விட்டுப்போனவை ஒரு கம்பியூட்டர், ஒரு டிஜிட்டல் கேமரா, ஒரு யோசனை.

"சும்மா பரண்ல கிடக்குற பாத்திரத்த எல்லாம் இன்டர்நெட்ல ஏலம் விடுங்கப்பா. டெல்லிக்காரங்க, பம்பாய்க்காரங்க நல்ல விலைக்கு எடுப்பாங்க. பூ மிதக்க விட உருளி வாங்குறாங்க தெரியுமா?"

"உருளியில பூவா?" என்றாள் மனைவி. கொஞ்ச நேரம் கழித்து, "அடுப்பு இல்லாத வீடு போல" என்றாள்.

அவளைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. பரண் பலகையின் நடுவில் ஒரு வளைவு விழுந்ததைக் காட்டினேன். அது உண்மையான வளைவா, என் கண்ணில் விழுந்த வளைவா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. ஒருநாள் அவளாகவே ஏணியில் ஏறி நாலு தம்ளர்களை எடுத்து, புளி போட்டுத் தேய்த்து, மேசைமேல் வைத்தாள். "முதல்ல இது போகட்டும். எப்படிப்பட்டவங்க வாங்குதாங்கன்னு பாப்போம்" என்றாள்.

எப்படிப்பட்டவர்கள் வாங்கினார்கள் என்பதைப் பற்றி நான் நிறையச் சொல்லலாம். ஒரு சாதாரணப் பித்தளைத் தம்ளருக்குப் பதினாலு கேள்வி அனுப்பியவர் ஒருவர். அடிப்பாகத்தின் விட்டம் என்ன, தட்டினால் எத்தனை விநாடி ஒலிக்கும், எந்த அரச காலத்தது. என் மனைவியின் கல்யாண காலத்தது, ராஜாக்கள் யாரும் அதில் மோர் குடித்ததில்லை என்று பதில் எழுதினேன். அவர் ஏலமே கேட்கவில்லை. இன்னொருவர் எல்லோரையும் முந்தி விலை கேட்டு ஜெயித்துவிட்டு, மறுநாள், "சாரி, என் மூணு வயசுப் பையன் பட்டனை அமுக்கிட்டான்" என்றார். அந்தக் குழந்தை சரியாகக் கடைசி நிமிஷத்தில், சரியாக ஐம்பது ரூபாய் கூட்டி அமுக்கியிருந்தது.

ஈயச்சொம்பு வாங்கிய டெல்லிக்காரர்தான் முதல் பெரிய சோதனை. ரசம் வைக்கிற சொம்பு அது. ஈயம் சூட்டில் சட்டென்று இளகிவிடும். உள்ளே தண்ணீரோ புளிக்கரைசலோ இல்லாமல் அடுப்பில் வைத்தால் உருகி ஓடிவிடும். எங்கள் பக்கத்தில் சின்னப் பெண்ணுக்குக்கூட இது தெரியும். டெல்லிக்காரருக்குத் தெரியாது. அவர் தொலைபேசியில் கத்தினார்.

"உங்க வெள்ளிப் பானை தண்ணியா ஓடிடுச்சு. என் கேஸ் அடுப்பெல்லாம் வெள்ளி."

"வெள்ளி இல்ல சார், ஈயம். விவரத்துல நாலாவது வரியைக் கொஞ்சம் வாசிங்க."

அவர் வாசிக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் இல்லாமல் ஒருபோதும் அடுப்பில் ஏற்றக்கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். பிறகு அவர் அமைதியாக, "அப்போ அதுல என்னதான் பண்ணுவீங்க?" என்று கேட்டார். மனைவி சொல்லச் சொல்ல ரசம் வைக்கும் முறையை நான் இந்தியில் சொன்னேன். அவர் எனக்கு நல்ல மதிப்பீடே போட்டார். 'விற்பவர் நேர்மையானவர், பாத்திரம் இறந்துவிட்டது' என்று.

இந்த மதிப்பீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஏல இணையதளத்தில் வாங்கியவர் ஒவ்வொருவரும் விற்றவருக்கு ஒரு குறி போடலாம். பச்சை என்றால் திருப்தி, சிவப்பு என்றால் அதிருப்தி. பெயருக்குப் பக்கத்தில் சதவீதம் நிற்கும், ஒரு புள்ளிக்கு அப்பால் வரை. எனக்கு நாற்பத்தாறு பச்சை. நூறு புள்ளி பூஜ்யம். பச்சை போட மறந்தவர்களை நானே தொலைபேசியில் கூப்பிட்டு ஞாபகப்படுத்துவேன். எஸ்.டி.டி. கட்டணம் தம்ளர் விலையைத் தாண்டிவிடும் என்று மனைவி திட்டுவாள். முப்பது வருஷம் அடுத்தவர் பெட்டிக்குச் சிவப்பு அட்டை கட்டியவன் நான். இப்போது நாடு முழுக்க முகம் தெரியாத நாஹி சாஹேப்கள் எல்லாம் என் பெட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். அவர்களிடம் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறேன். காலையில் பல் தேய்ப்பதற்கு முன் கம்பியூட்டரைப் போட்டு, அந்த நூறு அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அதனால் பெட்டி கட்டுவதில் நான் ஒரு தப்பும் விடுவதில்லை. மனைவி பாத்திரத்தைத் தேய்த்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி என்னிடம் தருவாள். நான் அதை அட்டைப்பெட்டியில் வைத்து, செய்தித்தாளைக் கசக்கி நாலு பக்கமும் திணித்து, டேப் ஒட்டுவேன். குறுக்கே ஆறு, நெடுக்கே ஆறு. கூரியர் கடைக்காரர், என் மகன் வயது மராத்திக்காரர், பெட்டியைத் தராசில் வைக்கும்போது ஒவ்வொரு முறையும் ஏதாவது சொல்வார்.

"காகா, இதைத் திறக்கணும்னா அந்த ஆள் மிலிட்டரியைத்தான் கூப்பிடணும்."

"நீ தூக்கிப் போடுறதைப் பார்த்தா பன்னிரண்டு சுத்து பத்தாது."

"நான் எங்க தூக்கிப் போடுறேன்? மெதுவா விழ விடுறேன்."

நாற்பத்தேழாவதாகப் போனது உருளி. நல்ல கனமான வெண்கல உருளி. வாங்கியவர் இந்தூரில் இருந்த ஓர் இளைஞர். வாசலில் பூ மிதக்க விடத்தான். அவர் கேள்வியே கேட்கவில்லை, பணம் ஒழுங்காக வந்தது. எனக்கு அதுவே சந்தேகமாக இருந்தது. பெட்டி போய்ச் சேர்ந்த அன்று மத்தியானம் தொலைபேசி அடித்தது.

"அங்கிள், யே க்யா பேஜா ஆப்னே?" என்ன அனுப்பியிருக்கிறீர்கள் என்றார்.

"உருளி. ஏன், விரிசலா?"

"உருளிக்குள்ள. அரிசி, மஞ்சள், குங்குமம். ஒரு காகிதத்துல சுத்தி. காகிதம் முழுக்கக் கட்டம் கட்டமா ஏதோ எழுத்து. எங்க அம்மா பார்த்துட்டு அழறாங்க. என் மனைவிக்கு இது ஒன்பதாம் மாசம். உங்களுக்கு நாங்க என்ன கெடுதல் பண்ணினோம்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெட்டி மாறியிருக்கும் என்றேன். பன்னிரண்டு சுற்று டேப்பும் அப்படியே இருந்தது என்றார். தொலைபேசியை வைத்துவிட்டார். நான் கம்பியூட்டருக்கு ஓடினேன். சிவப்புக் குறி வந்துவிட்டது. அதற்குக் கீழே ஒரு வரி: 'பாத்திரத்துக்குள் மந்திரம் செய்த பொருள்கள் அனுப்புகிறார், எச்சரிக்கை.' என் பெயருக்குப் பக்கத்தில் தொண்ணூற்றேழு புள்ளி ஒன்பது.

மனைவி கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"உருளிக்குள்ள ஏதாவது போட்டியா?"

"போட்டேன். ஒரு பிடி அரிசி, ஒரு விரலி மஞ்சள், துளி குங்குமம்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? வெறும் ஏனத்த யாராவது ஒருத்தர் வீட்டுக்கு அனுப்புவாங்களா?"

"காகிதம்?"

"நம்ம காலண்டர் தாள்தான். ரெண்டு மடிப்பா சுத்தினேன், அரிசி சிந்தக்கூடாதுன்னு."

ஒவ்வொரு தை மாதத்துக்கு முன்பும் அவள் தம்பி திருநெல்வேலியிலிருந்து ஒரு ஜவுளிக்கடையின் தினசரிக் காலண்டரை அனுப்பிவைப்பான். கிழித்த தாள்களை அவள் எறிவதில்லை. ஒரு கம்பியில் குத்தி வைத்து, பொட்டலம் மடிக்கப் பயன்படுத்துவாள். ராகு காலம், எமகண்டம், கீழே பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல்லாகப் பலன். கட்டங்கள், எண்கள், அவர்கள் பார்த்திராத எழுத்து. இந்தூரில் ஒரு மாமியார் அதை விரித்துப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது.

"இந்த ஒரு உருளிக்கு மட்டும்தானே போட்டே?"

"எல்லாத்துக்கும்தான் போட்டேன். தம்ளருக்கெல்லாம் நாலு அரிசிதான். உருளி பெரிசுல்லா."

நாற்பத்தேழு பெட்டிகள். என் கையால் மூடி, என் கையால் பன்னிரண்டு சுற்று ஒட்டி, சலானில் இல்லாத சாமானோடு நாற்பத்தேழு பெட்டிகளை அனுப்பியிருக்கிறேன். ஒரு பம்பாய்க்காரர், 'திறந்ததும் நல்ல வாசனை' என்று எழுதியிருந்ததன் காரணம் அன்றைக்குத்தான் விளங்கியது. அதை நான் புளி போட்டுத் தேய்த்த வாசனை என்று நினைத்துப் பெருமைப்பட்டிருந்தேன்.

மறுநாள் இந்தூர் இளைஞர் மறுபடி கூப்பிட்டார். கோபம் இறங்கி, கறாராக இருந்தார். நான் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். உருளி திரும்பி வரும். கூடவே, வேறு பொருள்கள் உள்ளே தவறுதலாக விழுந்துவிட்டன, மன்னிக்கவும் என்று நான் ஒரு கடிதம் எழுதினால் அதை இணையதளக் கம்பெனிக்கு அனுப்பிச் சிவப்புக் குறியை எடுக்கச் சொல்வார். விற்றவர் ஒப்புக்கொண்டால்தான் அவர்கள் எடுப்பார்களாம். எனக்கு உயிர் வந்தது. உடனே கம்பியூட்டரில் அந்தக் கடிதத்தை அடித்தேன். மூன்று வரி. அனுப்புவதற்கு முன் வழக்கம்போல் உரக்க வாசித்துப் பார்த்தேன்.

"தவறுதலா விழுந்துதா?" என்றாள் மனைவி பின்னாலிருந்து.

"ஒரு பேச்சுக்கு."

"அரிசி தானா நடந்துபோய் உருளிக்குள்ள விழுந்துதா? நான் போட்டேன். தெரிஞ்சுதான் போட்டேன்."

"அவங்க பயந்து கிடக்காங்க. ஒரு வரி எழுதினா முடிஞ்சுடும்."

"பயம் தெளியணும்னா பேசணும். கடுதாசி எழுதினா தெளியுமா? நம்பரப் போடுங்க. அந்தப் பையன் வேண்டாம், அவங்க அம்மாவக் கூப்பிடச் சொல்லுங்க."

போட்டேன். தொலைபேசியில் ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கிவிட்டு, என்ன சொல்லி எதைக் கெடுக்கப் போகிறாளோ என்று பக்கத்திலேயே நின்றேன். அவள் பேசிய இந்தியை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது. அக்கா என்று பொருள்படும் 'தீதி'யைத் தவிர மற்றதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

"தீதி, மஞ்சளும் அரிசியும் நான்தான் வச்சேன். வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவர ஏசாதீங்க."

"எதுக்கு வச்சீங்க?" அந்த அம்மாளின் குரல் கடினமாக இருந்தது.

"உங்க பக்கத்து வீட்டுக்காரி ஒரு கிண்ணத்துல எதாவது குடுத்தா, கிண்ணத்த வெறுமனே திருப்பிக் குடுப்பீங்களா?"

"அதெப்படிக் குடுப்பேன்? கொஞ்சம் வெல்லமாவது வச்சுத்தான் குடுப்பேன். ஆனா அது பக்கத்து வீடு. கடைச் சாமானுக்குள்ள யாரு மஞ்சள் வைப்பா?"

"நான் கடை வச்சிருக்கேனா தீதி? அது எங்கம்மா எனக்குக் குடுத்த உருளி. என் வீட்டுலேருந்து உங்க வீட்டுக்கு வருது."

அந்தப் பக்கம் தாளை விரிக்கும் சத்தம் கேட்டது.

"சரி. அந்தக் காகிதம்?"

"காலண்டர். பஞ்சாங்கம் போட்ட காலண்டர். மருமகளுக்கு இது தலைப் பிரசவமா?"

"ஆமா."

"கால் வீக்கம் இருக்கா?"

அதற்கப்புறம் அவர்கள் பேசியதை நான் இங்கே எழுதவில்லை. வெகு நேரம் பேசினார்கள். நான் கடிகாரத்தைக் காட்டினேன், போன மாத டெலிபோன் பில்லைக் காட்டினேன். அவள் கையால் என்னைத் தள்ளிவிட்டாள். கடைசியில் அந்த அம்மாள் மறுபடி காகிதத்துக்கே வந்தார். அதில் எழுதியிருப்பது எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னால்தான் மனம் ஆறும் என்றார். அவருடைய மகன் அதைப் படம் பிடித்து எனக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். கம்பியூட்டரில் திறந்தேன்.

"என்ன போட்டிருக்குன்னு வாசிங்க" என்றாள் மனைவி.

"செவ்வாய்க்கிழமை. ராகு காலம் மூணுலேருந்து நாலரை. எமகண்டம் ஒம்பதுலேருந்து பத்தரை." இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினேன். தொலைபேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு தமிழில் சொன்னேன். "அடுத்தது சூலம் வடக்குன்னு இருக்கு. அன்னிக்கு வடக்கே போகக்கூடாதுன்னு அர்த்தம். இந்தூர் நமக்கு வடக்கே. விட்டுடவா?"

"இருக்கிறத வாசிங்க. முப்பது வருஷம் அப்படித்தானே வாசிச்சீங்க."

வாசித்தேன். அந்த அம்மாள் மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது.

"நாங்க வடக்குலதானே இருக்கோம்?"

"அடுத்த வரியையும் கேளுங்க தீதி" என்றாள் மனைவி. "ஏங்க, பரிகாரம்."

"பரிகாரம், பால்" என்றேன்.

"அவ்வளவுதான். பரிகாரத்தையும் அவங்களே போட்டிருக்காங்க பாத்தீங்களா?"

"பால் விட்டுக் கழுவினா போதுமா?"

"தாராளமா."

எங்கள் வீட்டில் யாரும் எந்தப் பாத்திரத்தையும் பால் விட்டுக் கழுவியதில்லை. புறப்படுமுன் ஒரு வாய் பால் குடிக்க வேண்டும், அதுதான் பரிகாரம். நான் திருத்த வாயெடுத்தேன். மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் இளைஞர் கூப்பிட்டார். அம்மா உருளியைப் பால் விட்டுக் கழுவி, அரிசியைப் பாயசத்தில் போட்டுவிட்டாராம். திருப்பி அனுப்பவில்லை, பணமும் வேண்டாம். அவர் குரலே மாறியிருந்தது. "சாரி அங்கிள். நீங்க அந்த மன்னிப்புக் கடிதத்த மட்டும் அனுப்புங்க. தவறுதலா விழுந்ததுன்னு இருந்தாதான் கம்பெனி ஏத்துக்கும். நான் இன்னிக்கே சிவப்பை எடுக்க வச்சிடுறேன்."

கடிதம் திரையில் அப்படியே இருந்தது. ஒரு பட்டனை அமுக்கினால் போதும். நூறு திரும்பிவிடும். மனைவி சமையலறையில் இருந்தாள். பாத்திரம் கழுவும் சத்தம்கூட இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

தொழிற்சாலையில் இருந்த அத்தனை வருஷத்தில் நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதி நான் கையெழுத்துப் போட்டதில்லை. சப்ளையர்கள் கெஞ்சியிருக்கிறார்கள், தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி கொண்டு வந்திருக்கிறார்கள். நாஹி என்பேன். அன்றைக்கும் அதே வார்த்தைதான் வந்தது.

"நாஹி. தவறுதலா விழல. என் மனைவி வச்சது."

"அப்போ சிவப்பு அப்படியேதான் இருக்கும் அங்கிள்."

"இருக்கட்டும்."

சொல்லிவிட்டேனே தவிர இரண்டு வேளை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சிவப்புக் குறிக்குக் கீழே விற்றவர் பதில் ஒன்று எழுத இடம் உண்டு, எண்பது எழுத்துக்குள். இங்கிலீஷில் அடித்து அடித்துப் பார்த்தேன். முதலில் வந்தது நூற்று நாற்பது எழுத்து. ராகு காலத்தை எடுத்தேன், திருநெல்வேலியை எடுத்தேன், என் நாற்பத்தாறு பச்சையையும் எடுத்தேன். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: 'பாத்திரத்தை வெறுமையாக யாருக்கும் கொடுப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.' அதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

"இத முதல்லயே எழுதியிருக்கலாம்லா" என்றாள்.

எழுதியிருக்கலாம். அடுத்த பாத்திரத்திலிருந்து விவரத்தில் கடைசி வரியாகச் சேர்த்தேன். 'உள்ளே ஒரு பிடி அரிசி, ஒரு மஞ்சள், தமிழ்க் காலண்டர் தாளில் பொதிந்தது. விலையில்லை.' சலானும் பெட்டியும் பொருந்தின. அதற்கும் கேள்விகள் வந்தன. அரிசி எந்த ரகம் என்று ஒருவர். அரிசி வேண்டாம், அந்த எடைக்குக் கூரியர் கட்டணத்தில் கழித்துக்கொள்ள முடியுமா என்று ஒருவர். மகர்பட்டாவிலிருந்து ஒரு தமிழ்ப் பெண், ஐ.டி. வேலைக்கு வந்தவள், ஒரு தூக்குப்போணியை வாங்கிக்கொள்ள நேரிலேயே வந்துவிட்டாள். போணியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்துக் காலண்டர் தாளை எடுத்து, ராசிபலனைப் பார்த்தாள். "எனக்குப் 'பயம்'னு போட்டிருக்கு ஆன்டி" என்று சிரித்தாள். "அது போன வருஷத்துத் தாள். எல்லாம் கழிஞ்சிருக்கும்" என்றாள் மனைவி.

இந்தூரில் பெண் குழந்தை பிறந்தது. அந்த அம்மாளே கூப்பிட்டுச் சொன்னார், மனைவியிடம். நான் எடுத்ததும், "பெஹன்ஜி இருக்காங்களா?" என்றுதான் கேட்பார். என்னிடம் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை.

என் சதவீதம் தொண்ணூற்றெட்டு புள்ளி ஒன்று, தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு என்று ஊர்ந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சிவப்பு இருக்கும்வரை உண்மையில் நூறு வரவே வராது. திரையில் நூறு புள்ளி பூஜ்யம் என்று காட்டுவதற்கே மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பச்சை வேண்டும். பரணில் அப்போது இருந்தவை எல்லாம் போனபிறகு என்னிடம் மிச்சம் ஒரே ஒரு பாத்திரம்.

அந்த ஐம்பத்தெட்டாவதையும் ஒருநாள் எடுத்தேன். தரையில் நின்ற வெண்கலப் பானை. அரிசியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டிவிட்டு, பானையைத் துடைத்து, பால்கனி வெளிச்சத்தில் வைத்து மூன்று படம் எடுத்தேன். மகர்பட்டாக் கட்டடங்கள் பின்னால் விழாமல் துணி தொங்கவிட்டேன். விவரம் எழுதி, கடைசி வரியையும் சேர்த்துவிட்டு, மனைவியைக் கூப்பிட்டேன்.

அவள் வந்து பானையைப் பார்த்தாள். பிறகு பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்தாள்.

"இதுக்குள்ள வைக்க அரிசி எதுலேருந்து எடுக்கணும்?"

"டப்பாவுலேருந்து."

"பானைக்கு அரிசி டப்பாவுலேருந்தா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்கு அது புரியவில்லை. இதுவரை போன ஐம்பத்தேழு பாத்திரத்துக்கும் அந்தப் பிடி அரிசி இந்தப் பானையிலிருந்துதான் போயிருந்தது. எனக்கும் புரியவில்லை.

விவரத்தை அழித்துவிட்டு, டப்பா அரிசியைத் திரும்பப் பானையில் கொட்டினேன். கொஞ்சம் சிந்தியதைக் குனிந்து பொறுக்கினேன். கம்பியூட்டர் பழசாகி, அந்த ஏலக் கணக்கும் எங்கோ போய்விட்டது. பானை சமையலறை மூலையில் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதை யாரும் பரணில் ஏற்றச் சொன்னதில்லை.